ஏழு பேர் சொன்ன வர்ஷினி

ஏழு பேராவது வேண்டும் என்றார் டாக்டர் அமுதினி. ஏழுக்குக் குறைந்தால் ஆள் சரியாக வராதாம்.

"வராதுன்னா?" என்று கேட்டான் கிஷோர்.

"ரெண்டு மூணு பேர் மட்டும் சொன்னா, அந்த ரெண்டு மூணு பேருக்குத் தெரிஞ்ச ஆளாத்தான் உங்க தங்கச்சி எந்திரிப்பாங்க. வீட்டுல பார்த்தவங்க, வேலை செய்யுற இடத்துல பார்த்தவங்க, கூடப் பழகுனவங்க, சண்டை போட்டவங்க, எல்லாரும் வேணும். இன்னொண்ணு சார். தயவுசெஞ்சு நல்லதை மட்டும் சொல்லாதீங்க. இது பொண்ணு பார்க்க வர்றவங்ககிட்டப் பேசுறது இல்ல."

கிஷோர் தலையை ஆட்டினான். தலையை ஆட்டுவதில் என்ன கஷ்டம்?

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வர்ஷினி கட்டிலில் உட்கார்ந்து தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த வருஷம் மதுரைப் பக்கம் வந்த காய்ச்சல் அது. துடைப்பான் காய்ச்சல் என்று ஜனங்கள் பெயர் வைத்திருந்தார்கள். உயிரை எடுக்காது. ஒரு வாரம் உடம்பைக் கொளுத்திவிட்டு இறங்கும்போது, உள்ளே இருக்கிற ஆளை மட்டும் துடைத்துக்கொண்டு போய்விடும். பேச்சு மறக்காது, சோறு பிசையத் தெரியும், சைக்கிள்கூட ஓட்ட வரும். நான் யார், எனக்கு யார் யார் என்பது மட்டும் சுத்தமாக இருக்காது.

"தெரிஞ்சவங்களை உட்கார வச்சு நெத்தியில ஒரு பட்டை கட்டுவோம்" என்று விளக்கினார் டாக்டர். "அவங்க சொல்லச் சொல்ல, சொல்றப்ப அவங்க மனசுல ஓடுற படத்தை மெஷின் எடுத்துக்கும். இவங்க தூங்குறப்ப அதை ஏத்துவோம். நாப்பது நாள் ஆகும்."

"மனசுல இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துருமா மேடம்?" கேட்கும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

"இல்ல. சட்டம் இருக்கு. வாயைத் திறந்து சொல்றதை மட்டும்தான் எடுக்கலாம். சொல்லாததைத் தோண்டக் கூடாது."

அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. அந்த அப்பாடாவை நினைத்து அவன் பிறகு எத்தனை நாள் குமைந்தான் என்பதுதான் இந்தக் கதை.

கிஷோர், வர்ஷினி என்ற பெயர்களைக் கேட்டாலே தெரியும், இரண்டு பேரும் பழைய காலத்து ஆட்கள். அவனுக்கு ஐம்பத்தொன்று, அவளுக்கு நாற்பத்தெட்டு. இப்போது யார் பிள்ளைகளுக்கு அப்படியெல்லாம் பெயர் வைக்கிறார்கள்? அப்பா அம்மா போய் ரொம்ப நாளாகிவிட்டது. வர்ஷினி புருஷனை விட்டு வந்து, பெண்கள் பள்ளி ஒன்றில் பி.டி. டீச்சராக இருந்துகொண்டு, அண்ணாநகரில் ஒரு ஃபிளாட்டில் தனியாக இருந்தாள். அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்ததுகூட அண்ணன் இல்லை. எதிர் வீட்டு ஜெனிஃபர்.

அந்த ஜெனிஃபர் அப்போது வராந்தாவில்தான் நின்றுகொண்டிருந்தாள். குட்டையான, உரத்த பெண்மணி. "நானும் சொல்றேன், என் பேரையும் எழுதிக்கங்க" என்றாள்.

"குடும்பத்து ஆளுங்களே போதும்மா" என்றான் கிஷோர். "உங்களுக்கும் அவளுக்கும் ஆகாதுன்னு கேள்விப்பட்டேன்."

"ஆகாதுதான். அதுக்கென்ன?"

அவன் உள்ளே போய்ப் பட்டியலை நர்ஸிடம் கொடுத்தான். ஏழு பெயர். ஜெனிஃபர் இல்லை. ஆகாது என்பது சும்மா வெளியே சொன்ன காரணம். வர்ஷினி தன் கதையை யாரிடமாவது சொல்லியிருந்தால் அது இந்தப் பெண்ணிடம்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. அதுதான் நிஜமான காரணம்.

ஏனென்றால் வர்ஷினி அண்ணனோடு பேசிப் பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது.

அவனும் விடவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோய் அவள் கதவருகே வைத்துவிட்டு வருவான். சேலை, பச்சரிசி, வெல்லம், இரண்டு கரும்பு, இலையோடு ஒரு மஞ்சள் கொத்து. மறுநாள் ஆளில்லா ஆட்டோ ஒன்று அவன் வாசலில் வந்து நின்று மூன்று முறை ஹாரன் அடிக்கும். பின் சீட்டில், பெல்ட் போட்டு உட்கார வைத்த மாதிரி, அத்தனையும் திரும்பி வந்திருக்கும். வைது ஒரு சீட்டுகூட இருக்காது. பதினெட்டுப் பொங்கலும் அப்படித்தான்.

சரி, ஏழு பேரும் உட்கார்ந்து சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்கிறீர்கள்?

கவிதா சித்தி சொன்னாள், "எங்க வர்ஷினி இருக்கிற இடமே தெரியாதும்மா. சிரிச்சாக்கூட வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிப்பா." வர்ஷினி ஒரு கல்யாண மண்டபத்தில் சிரித்த சிரிப்புக்கு நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்த கதையை, குடும்பத்தில் அதிகம் சொல்லிச் சிரித்தது இதே சித்திதான்.

பள்ளித் தலைமையாசிரியை நன்னடத்தைச் சான்றிதழ் வாசிக்கிற மாதிரி சொன்னார். பணிவு, பொறுமை, மேலதிகாரிகளிடம் மரியாதை. அந்த அம்மா வர்ஷினிக்கு மூன்று மெமோ கொடுத்திருந்தார். மூன்றுக்கும் காரணம் எதிர்த்துப் பேசியது. கணக்கு டீச்சர், "அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டாங்க" என்றார். பெரியப்பா மகன்கள் இரண்டு பேரும் "தங்கமான பொண்ணு" என்பதற்கு மேல் எதுவும் யோசித்து வரவில்லை. கிஷோரின் மனைவி தீபிகா, "நாத்தனார்னு ஒரு அதிகாரம் பண்ணுனதில்ல. வச்சதைச் சாப்பிடும்" என்றாள். அவள் நாத்தனாருக்குச் சோறு வைத்துப் பதினெட்டு வருஷம் ஆயிற்று என்பதை நெற்றிப்பட்டை கேட்கவில்லை.

பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் வரவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். எதிரே வெள்ளைக் கோட்டு போட்ட அந்நியப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்நியர் முன்னால் நம் வீட்டுப் பெண்ணை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பது நமக்கெல்லாம் தாய்ப்பாலோடு வந்தது. டாக்டர் என்ன படித்துப் படித்துச் சொன்னாலும், நாக்கு தானாக அந்தப் பாதையில்தான் போகும். படுத்துக் கிடக்கிற பெண்ணைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

கடைசியாகக் கிஷோர். தமுக்கம் மைதானத்தில் அவளுக்கு சைக்கிள் கற்றுக்கொடுத்ததைச் சொன்னான். பின்னால் பிடித்துக்கொண்டே ஓடி, சொல்லாமல் கையை விட்டது, அவள் விழுந்து எழுந்து முழங்கால் ரத்தத்தோடு சிரித்தது. அது உண்மை. சொல்லும்போது அவனுக்கே கண் நிறைந்தது. அந்த ஈரத்திலேயே அடுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

"எங்களுக்குள்ள ஒரு பேச்சு தப்பா வந்ததில்ல மேடம். அவளுக்கு நான்தான் எல்லாம்."

நாற்பத்தோராம் நாள் காலையில் வர்ஷினி கண் விழித்து அவனைப் பார்த்து, "அண்ணே" என்றாள். மெல்லிய குரல். கிஷோர் வெளியே ஓடிப் போய் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் யாரையும் பார்க்காமல், கூச்சமே இல்லாமல் அழுதான்.

அவளைத் தன் வீட்டுக்கே கூட்டி வந்தான். மாடி அறையைச் சுத்தம் பண்ணிக் கொடுத்தான். ஆபீஸ் விட்டு வந்தால் "வாண்ணே" என்று ஒரு குரல். தீபாவளிக்குக் கொடுத்த சேலையை அன்றைக்கே கட்டிக்கொண்டு வந்து நின்றாள். சித்தி வீட்டில் எல்லோரும் ஜோக்கடித்தபோது வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பதினெட்டு வருஷம் எதற்காக ஏங்கினானோ அதெல்லாம் தட்டில் வைத்து நீட்டின மாதிரி வந்தது. வாங்கிக்கொண்டான். வாங்கிக்கொள்ளாமல் என்ன செய்வான்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தீபிகா எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வைத்திருந்தாள். வர்ஷினி ருசித்துச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை தீபிகா ஊற்றியபோதும் வாங்கிக்கொண்டாள். கால் மணி நேரத்தில் உதடு வீங்கிவிட்டது. கழுத்தெல்லாம் தடித்தது. அப்போதுதான் கிஷோருக்கு உறைத்தது. சின்ன வயதில் கத்தரிக்காயைக் கண்டாலே தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாளே! அம்மாவிடம் எத்தனை அடி வாங்கியிருக்கிறாள் அதற்காக.

ஊசி போட்டுக்கொண்டு திரும்பும் வழியில், "நாக்கு அரிச்சிருக்கும்ல? சாப்பிடறப்பவே வேணாம்னு சொல்ல வேண்டியதுதானே?" என்று கேட்டான்.

"மதினி ஆசையா வச்சாங்க. வேணாம்னு சொல்ல வரலண்ணே" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் வீங்கின உதட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே, "எனக்கு எதெல்லாம் புடிக்கும்னு ஏழு பேரும் சொல்லியிருக்கீங்க. எது புடிக்காதுன்னு ஒருத்தருமே சொல்லலையேண்ணே" என்றாள்.

குறையாகச் சொல்லவில்லை. குறை சொல்லத்தான் அவளுக்குத் தெரியாதே.

பள்ளியில் நிலைமை அதைவிட மோசம். முன்பெல்லாம் அவள் விசில் எடுத்தால் மைதானத்தில் காக்கா குருவி பறக்காது. இப்போது அவளே விசில் சத்தத்துக்கு முகத்தைச் சுளித்தாள். "கொஞ்சம் வரிசையா நிக்கிறீங்களாம்மா?" என்று ஒன்பதாம் வகுப்புப் பெண்களைக் கெஞ்சினாளாம். முதல் வாரம் சிரித்தார்கள். இரண்டாம் வாரம் அவள் மாதிரி பேசிக் காட்டினார்கள். மூன்றாம் வாரம் தலைமையாசிரியை கிஷோரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாள் வீட்டிலேயே இருக்கட்டும் என்றார். அவன் கேட்டைத் தாண்டும்போது த்ரோபால் அணித் தலைவி ஒருத்தி பின்னாலேயே ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"சார், எங்க மிஸ் எங்க சார்?"

"உள்ளேதாம்மா இருக்காங்க."

"அவங்க இல்ல சார்" என்றாள் அந்தப் பெண். "எங்க மிஸ்."

அன்று சாயங்காலம் மாடியில் காபி குடித்துக்கொண்டிருந்தபோது வர்ஷினி இடது காதின் மேல் கையை வைத்து வைத்து எடுத்தாள். "இந்தப் பக்கம் சுத்தமாக் கேக்க மாட்டேங்குதுண்ணே. யார் சொன்னதுலயும் இது வரல. எப்படி ஆச்சு?"

எதிரே உட்கார்ந்திருந்தான். நேருக்கு நேராக அவள் முகம். எவ்வளவு நம்பிக்கையாகப் பார்த்தாள் பாவி!

"காய்ச்சல்ல போயிருக்கும்மா" என்றான் கிஷோர்.

"ஓ" என்று அவள் காபியைக் குடித்தாள்.

அந்தக் காது காய்ச்சலில் போகவில்லை. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு புதன்கிழமை மத்தியானம், வர்ஷினி தேனியில் இருந்த புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பையோடு அண்ணன் வீட்டு வாசலுக்கு வந்தாள். கன்னத்தில் விரல் தடம். உள்ளே, மூன்று நாள் கழித்து நடக்கப்போகிற அவன் மகன் காதுகுத்துக்காகத் தீபிகாவின் சொந்தமெல்லாம் வந்து இறங்கியிருந்தது. கிஷோர் கேட்டைப் பாதிதான் திறந்தான். "எல்லாரும் இருக்காங்க. இப்பப் போய் இப்படி வந்து நின்னா என்னடி பேசுவாங்க? விசேஷம் முடியட்டும், நானே வந்து கூட்டிட்டு வர்றேன்" என்றான். உள்ளே தண்ணீர் குடிக்கக்கூட விடாமல் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குக் கூட்டிப் போய், தேனி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்து, ஒரு தண்ணீர் பாட்டிலையும் வாங்கிக் கொடுத்தான். "வேணாம்ணே" என்றாள் அவள். ஒரே தடவைதான் சொன்னாள். பஸ் போய்விட்டது.

காதுகுத்து அமோகமாக நடந்தது. தங்கச்சி ஏன் வரவில்லை என்று கேட்டவர்களிடம் உடம்பு சரியில்லை என்றான். அதே வாரத்தில் அவள் புருஷன் அடித்த அடியில் இடது காது போனது. அதன் பிறகு அவள் யாரையும் கேட்காமல், யார் வீட்டு வாசலிலும் நிற்காமல், தானாகவே வெளியே வந்துவிட்டாள். காது கேட்காததால் குரல் உரத்தது. உரத்த குரல் பி.டி. டீச்சர் வேலைக்குத் தோதாக இருந்தது. அந்த வர்ஷினியை அவள் தானே உண்டாக்கியிருந்தாள். அதைத்தான் ஏழு நல்லவர்கள் சேர்ந்து அழித்திருந்தார்கள்.

அவளுடைய சான்றிதழ்களை எடுக்க ஃபிளாட்டுக்குப் போன அன்று ஜெனிஃபர் படிக்கட்டிலேயே மறித்துக்கொண்டாள். கையில் துவைத்த துணி வாளி.

"எங்கய்யா அவ?"

"எங்க வீட்டுலதாங்க. நல்லா இருக்கா."

"நல்லா இருக்காளா! போன வாரம் பள்ளிக்கூடத்து வாசல்ல பார்த்தேன். ஏன்டி, மோட்டார் சுவிட்ச என்னைக் கேக்காம போட்டவதானே நீன்னு சும்மா வம்புக்கு இழுத்தேன். 'தப்பா இருந்தா மன்னிச்சுக்கங்க'ங்கிறாய்யா! எங்கிட்ட! பன்னெண்டு வருஷமா விடிஞ்சா தண்ணி மோட்டாருக்குச் சண்டை. சண்டை முடிஞ்ச கையோட காபித்தூள் இருக்கான்னு கேட்டு வருவா. இப்ப நான் யார்கூடய்யா சண்டை போடுறது?" வாளியை 'ணங்'கென்று வைத்தாள். "என் பேரை நீ ஏன் எழுதலன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா? ஆரப்பாளையம் கதை எனக்குத் தெரியும். நீ வாங்கிக் கொடுத்த தண்ணி பாட்டில் என்ன கலர்னுகூடத் தெரியும்."

கிஷோர் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜெனிஃபர் மேலே நின்று அவன் உச்சந்தலையைப் பார்த்தாள். பிறகு குரல் தணிந்தது.

"ஒண்ணு சொல்றேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு மாதா மேல சத்தியம் வாங்கியிருந்தா. நீ அனுப்புற சீரை அவ அப்படியே திருப்பி விட்டுர்றான்னுதானே நினைச்சுக்கிட்டிருக்க? ஒரு பொழுது பூராவும் நடு வீட்டுல வச்சு அதுக்கு முன்னாடி உட்கார்ந்திருப்பா. மஞ்சக் கொத்துல ஒரே ஒரு இலையக் கிள்ளி மோந்து பார்ப்பா. அப்புறம்தான் ஆட்டோவுல ஏத்துவா. வருஷா வருஷம். உன்கிட்டச் சத்தியத்தை உடைச்சாச்சு. அவகிட்ட நான் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீ சொல்லிக்க."

பதினெட்டு மஞ்சள் கொத்து. திரும்பி வந்ததும் ஒவ்வொரு வருஷமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தீபிகாவிடம் தள்ளிவிடுவான். அவள் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிடுவாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, எடுத்துப் பார்த்திருந்தால்!

மார்கழி பிறந்து நாலாம் நாள் அவன் மறுபடி டாக்டர் அமுதினி முன்னால் போய் நின்றான்.

"ஒரு வருஷம் வரைக்கும் புதுசாச் சேர்க்கலாம்" என்றார் டாக்டர். "ஆனா முதல்ல மாதிரி நீங்க கையெழுத்துப் போட முடியாது. இப்ப அவங்க சுய நினைவோட இருக்காங்க. நீங்க சொல்றதை அவங்க காதால கேக்கணும். கேட்டுட்டு, ஏத்தலாமா வேணாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும்."

"கேக்கிறதுக்கும் ஏத்துறதுக்கும் என்ன மேடம் வித்தியாசம்?"

"கேட்டா அது ஒரு செய்தி சார். பேப்பர்ல படிக்கிற மாதிரி. ஏத்துனா, தனக்கே நடந்ததா இருக்கும். பழைய கோவம் பழையபடி வரும். உங்களோட பேசாமப் போகலாம். யோசிச்சுக்கங்க."

"யோசிச்சிட்டேன்" என்றான்.

பட்டை கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னான். பாதி திறந்த கேட், ஆரப்பாளையம், தண்ணீர் பாட்டில், "வேணாம்ணே", காது, பதினெட்டு வருஷம், கத்தரிக்காய், அவள் குரல், அவள் சிரிப்பு, மெமோ, கடைசியில் "காய்ச்சல்ல போயிருக்கும்மா" என்று தான் சொன்னது வரைக்கும். ஒன்றை மட்டும் சொல்லவில்லை. மஞ்சள் இலை. அதைச் சொன்னால், பார், உள்ளுக்குள் நீ என்னை வெறுக்கவில்லை என்று அவளைக் கரைக்கப் பார்க்கிற மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தான். ஒரு தடவையாவது தனக்குச் சாதகமாகப் பேசக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டான். வாழ்நாளில் அவன் காட்டிய நேர்மையே அது ஒன்றுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் வர்ஷினி உள்ளே உட்கார்ந்து கேட்டாள். இரண்டு மணி நேரம். வெளியே வந்தவள் அவனைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் தாண்டிப் போனாள். கீழே, விஷயம் தெரிந்து வந்திருந்த ஜெனிஃபர் காத்திருந்தாள். இரண்டு பேரும் ஆட்டோவில் ஏறி அண்ணாநகர் ஃபிளாட்டுக்கே போய்விட்டார்கள்.

"பழையபடி ஆயிட்டா மேடம்" என்றான் கிஷோர். துக்கமும் நிம்மதியும் சேர்ந்தே வந்தன. "பேசாமப் போயிட்டா பாருங்க. அதேதான். அவளேதான்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார். "ஏத்த வேணாம்னு சொல்லிட்டாங்க சார். உங்களோடது மட்டுமில்ல. இனிமே யாரோடதும் வேணாமாம்."

அது ஏன் என்று அவனுக்குப் புரியவில்லை. புரிவதற்குப் பொங்கல் வர வேண்டியிருந்தது.

வழக்கம்போலச் சீர் கொண்டுபோய்க் கதவருகே வைத்துவிட்டு வந்தான். மாட்டுப் பொங்கலன்று காலை பத்து மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. மூன்று ஹாரன். தெரிந்ததுதானே என்று மெதுவாகத்தான் எழுந்து போனான். ஆட்டோவுக்குள் ஆள் இருந்தது. வர்ஷினி இறங்கினாள். கரும்பை இழுத்துத் தெருவில் போட்டாள். சேலைப் பையை கேட்டுக்கு மேலாக உள்ளே எறிந்தாள்.

"கிஷோரு! வெளிய வா!"

தெருவில் கோலத்துக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும். ஒரு கணம் திகைத்த மாதிரி நின்றுவிட்டு மறுபடி ஆரம்பித்தாள்.

"காது காய்ச்சல்ல போச்சா? சொல்லு! காய்ச்சல்லயா போச்சு?"

தீபிகா உள்ளேயிருந்து படபடவென்று ஜன்னல்களைச் சாத்தினாள். "ஏங்க, உள்ள கூப்பிடுங்க அவளை, மானம் போகுது!"

"உள்ள வாம்மா" என்றான் கிஷோர். "உள்ள வந்து எவ்வளவு வேணும்னாலும் வைய்யி."

"உள்ளயா? உள்ள வந்தா நான் மறுபடியும் நல்லவளாயிருவேன். இங்கயே நில்லு." கேட்டைப் பிடித்துக்கொண்டாள். "பஸ் ஏத்திவிட்டத நீ சொன்ன, கேட்டுக்கிட்டேன். அது யாரோ ஒருத்திக்கு நடந்த மாதிரிதான் இருக்கு. அவ உன்னை மன்னிச்சாளா இல்லையான்னு எனக்குத் தெரியாது, அவகிட்டயே கேட்டுக்க. ஆனா காய்ச்சல்ல போச்சுன்னு சொன்னியே, அது எனக்கு நடந்துச்சு. என் கையில காபி இருந்துச்சு. நீ என் மூஞ்சியப் பார்த்துச் சொன்ன. நான் ஓன்னு கேட்டுக்கிட்டேன். எனக்குன்னு நடந்த மொதல் துரோகம் அதுதான்! அதைக் கேட்டதும் வந்துச்சு பாரு ஒரு கோவம், அது சித்தி சொன்னதில்ல, டீச்சர் சொன்னதில்ல, நீ ஏத்துனதில்ல. என்னோடது. எனக்கு இருக்கிறதே இப்போதைக்கு அது ஒண்ணுதான். அது மேல இன்னொருத்தியோட கோவத்தைக் கொண்டுவந்து கொட்டிக்க மாட்டேன்."

எதிர் வீட்டுக்காரர் தெருவில் இறங்கி வந்தார். "என்ன சார், ஏதாவது பிரச்சினையா? போலீஸக் கூப்பிடவா?"

வழக்கமான பதில் கிஷோரின் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. ஒண்ணுமில்ல சார், தங்கச்சிக்கு உடம்பு சரியில்ல. பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் சொன்ன அதே வாக்கியம். அவன் அதை விழுங்கினான்.

"பிரச்சினை இல்ல சார். அவ சொல்றது அத்தனையும் நிஜம்" என்றான், தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி. "அடி வாங்கிட்டு வந்தவளை வீட்டுக்குள்ள விடாம நான்தான் திருப்பி அனுப்புனேன். அதுலதான் காது போச்சு. அவகிட்டயே மறைச்சேன்."

வர்ஷினி அவனையே பார்த்தாள். பிறகு கேட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு ஆட்டோவில் ஏறினாள். ஏறும்போது, பின்னால் மிச்சமிருந்த அரிசிப் பையையும் வெல்லத்தையும் மஞ்சள் கொத்தையும் எடுத்து கேட்டோரம் வைத்தாள். எறியவில்லை. ஆட்டோ திரும்பித் தெருமுனையில் மறைந்தது. அதற்குப் பிறகு அவள் அந்தத் தெருவுக்கு வரவில்லை. ஆனால் விசில் மறுபடி ஊதுகிறாளாம், பெண்கள் வரிசையில் நிற்கிறார்களாம். விடிந்தால் மோட்டாருக்குச் சண்டை என்றும் கேள்வி.

கூட்டம் கலைந்த பிறகு கிஷோர் மஞ்சள் கொத்தை எடுத்துக்கொண்டு படியில் உட்கார்ந்தான். தீபிகா உள்ளே அழுதுகொண்டிருந்தாள். ஜன்னல்கள் இன்னும் சாத்தியே இருந்தன. அவன் ஒவ்வொரு இலையாக விரித்தான். நுனியைப் பார்த்தான், ஓரத்தைப் பார்த்தான், அடியில் காம்போடு ஒட்டின இடத்தைப் பார்த்தான். நக அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பிப் பார்த்தான்.

அந்த ஒன்றைச் சொல்லியிருக்கலாம். கேட்டிருந்தால் ஒருவேளை ஏற்றச் சொல்லியிருப்பாளோ என்னவோ. இப்போது ஓடிப் போய்ச் சொன்னாலும் அது அவளுக்கு வெறும் செய்தி. செய்தியைக் கேட்டுவிட்டு யாருக்கும் இலையைக் கிள்ளி மோந்து பார்க்கத் தோன்றாது. கோபத்தை அவள் புதிதாகச் செய்துகொண்டுவிட்டாள். இது மட்டும் அந்தப் பழைய வர்ஷினியோடு போய்விட்டது.

முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணிப் பார்த்தான். ஒன்பது இலை. ஒன்பதும் முழுதாக இருந்தன.